பால்மரமும் பஞ்சுமரமும்

பங்கோர் தீவுப் பக்கம் கயாக் ஓட்டப் போகிறவர்களிடம் ஒரு பழைய சண்டை உண்டு. கவிழ்ந்துவிட்டால் துடுப்பு நுனியில் ஒரு மிதவையை மாட்டி, அதன் பலத்தில் திரும்ப ஏறலாம். அந்த மிதவை காற்றடைப்பதா, நுரை அடைத்ததா? காற்றுப் பை மடித்தால் கைக்குள் அடங்கும். ஆனா தண்ணியில கெடந்துக்கிட்டே ஊதணும். ஓட்டை விழுந்தா போச்சு. நுரை இடத்தை அடைக்கும், எடுத்த உடனே மாட்டலாம். இரண்டு அறை உள்ள காற்றுப் பைக்குத்தான் என் ஓட்டு. உடம்பில் போடும் சட்டை மட்டும் நுரையாக இருக்கட்டும். மயங்கினவன் எப்படி ஊதுவான்?

இந்தச் சண்டையின் இரண்டு தரப்பும் ஒரு காலத்தில் பேராக்கில் மரங்களாக நின்றன என்பதுதான் எனக்குச் சுவாரசியம்.

முதலில் தக்கைதான். 1861இல் இங்கிலாந்தின் விட்பி கரையில் உயிர்காப்புப் படகு கவிழ்ந்து 13 பேரில் 12 பேர் செத்தார்கள். பிழைத்த ஹென்றி ஃப்ரீமன் ஒருவர்தான் புதுவகைத் தக்கைச் சட்டை போட்டிருந்தார். பிறகு இலவம்பஞ்சு வந்தது. கம்பத்து மலாய்க்காரர்கள் 'கெகாபு' என்பார்கள். அந்த இழை உள்ளே வெறும் குழல், மேலே மெழுகுப் பூச்சு. தண்ணி லேசில் ஏறாது. இலவு காத்த கிளிக்குக் கிடைக்காதது மாலுமிகளுக்குக் கிடைத்தது. ஆனால் நசுங்கினாலோ எண்ணெய் பட்டாலோ மிதப்பு குறைந்துவிடும்.

காற்றுத் தரப்புக்கு வேண்டியது ரப்பர். 1877இல் கோலகங்சாரில் ஹியூ லோ நட்ட கன்றுகளிலிருந்து தோட்டங்கள் பெருகின; பால்மரம் வெட்டத் தமிழர்கள் கப்பலேறி வந்தார்கள். ரப்பர் பூசிய துணியில், ஊதிக்கொள்ளும் உயிர்காப்புச் சட்டைக்கு 1928இல் பீட்டர் மார்க்கஸ் காப்புரிமை வாங்கினார். போரில் விமானிகள் அதற்கு நடிகை மே வெஸ்ட் பெயரை வைத்தார்கள். ஏன்னு படம் பார்த்தா புரியும்.

1941 டிசம்பரில் ஈப்போ விழுந்தது, அடுத்த மார்ச்சில் ஜாவா. பஞ்சும் ரப்பரும் ஒரே அடியில் நேச நாடுகளுக்கு நின்றுபோயின. அமெரிக்கா ரப்பரை ஆலையில் செயற்கையாகச் செய்தது. 1944இல் அங்கே பள்ளிப் பிள்ளைகள் சாலையோரம் ஒரு செடியின் காய்களைப் பொறுக்கினார்கள், உள்ளே உள்ள பஞ்சு உயிர்காப்புச் சட்டைக்காக. நம்ம எருக்குக்கு உறவுச் செடி அது.

அதே வருஷங்களில் இங்கே பால் வாங்க ஆளில்லை. லயத்தில் அரிசி இல்லை, மரவள்ளிதான். வெட்டுக்காரர்களில் பலரைச் சயாம் ரயில் பாதை போட ஜப்பானியர்கள் ஏற்றிப்போனார்கள்.