செயற்கை முழங்கால் மூட்டு

தொடைமட்டத்தில் கால் நீக்கப்பட்டவர்கள் அணியும் பொய்க்காலில் தொடைப் பகுதியையும் கீழ்க்கால் பகுதியையும் இணைக்கும் பொறி. மின்கலமோ கணிப்பொறியோ இல்லாமல் உடல் எடை, நெம்புகோல், உராய்வு, திரவ அழுத்தம் ஆகியவற்றால் மட்டும் இயங்கும் மூட்டுகளைப் பற்றியது இக்கட்டுரை. இம்மூட்டுக்குக் கடமைகள் இரண்டு. ஒன்றை நிறைவேற்றுவது மற்றதற்கு இடையூறு. உடல் எடை காலின் மேல் இறங்கும் ஊன்றுநிலையில் மூட்டு மடியக் கூடாது. காலை முன்னே வீசும்போது அது தாராளமாக மடிய வேண்டும். முதலாவது தவறினால் முழங்கால் திடீரென மடங்கிவிடும். இரண்டாவது தவறினால் கால்விரல் தரையில் இடறும். இரண்டின் முடிவும் விழுவதே.

மடிக்கவும் பூட்டவும் கூடிய முழங்காலுக்குக் கிடைக்கும் பழைய வரைபடங்களுள் புகழ்பெற்றது, பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஆம்புருவாஸ் பாரே 1564இல் வெளியிட்ட நூலில் உள்ளது. நிற்கும்போது தாழ் விழும். உட்கார நினைப்பவர் ஒரு கயிற்றை இழுத்துத் தாழை விடுவிப்பார். இவ்வடிவத்தைப் பாரேயே வகுத்தாரா, பாரிசில் ‘சின்ன லொரேன்காரர்’ என்று அறியப்பட்ட பூட்டுக் கைவினைஞருக்கு அதில் எவ்வளவு பங்கு என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. இதனுடன் ஏழைகளுக்கென எளிய கட்டைக்கால் ஒன்றையும் பாரே வரைந்து சேர்த்திருக்கிறார்.

லண்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் பாட்ஸ் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் (1800 என்றும் 1805 என்றும் கூறுவர்) செய்த மரக்காலில் எஃகு முழங்காலும் அசையும் பாதமும் இருந்தன. முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு ஓடிய குடல் நரம்புக் கயிறு, முழங்கால் மடியும்போதெல்லாம் முன்பாதத்தைத் தூக்கிவிடும். இடறலைத் தடுக்க இதைவிட நேர்த்தியான வழி அடுத்த பல பத்தாண்டுகளுக்கு எழவில்லை. 1815 ஜூன் 18 அன்று வாட்டர்லூ போரில் வலக்காலை இழந்த குதிரைப்படைத் தளபதி அக்ஸ்பிரிட்ஜ் பிரபு, பின்னாளில் ஆங்கிள்சி பிரபு, இவ்வகைக் காலை அணிந்ததால் அது ‘ஆங்கிள்சி கால்’ எனப் பெயர் பெற்றது. நடக்கையில் எழும் சத்தத்தால் அதற்கு ‘கிளாப்பர்’ என்ற பட்டப்பெயரும் உண்டு. 1839இல் வில்லியம் செல்ஃபோ இதை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றார்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், 1861இல், காலை இழந்த ஜேம்ஸ் ஹேங்கர் பீப்பாய்ப் பலகைகளால் தமக்கே ஒரு கால் செய்துகொண்டார். அவர் பெயரில் தோன்றிய நிறுவனம் இன்றும் உள்ளது. விமான விபத்தில் காலை இழந்த மார்செல் டெசூட்டருக்காக முதல் உலகப்போருக்கு முன் அலுமினியக் கால் உருவாயிற்று.

இத்துறையின் மிகச் செழிப்பான காலம் 1945க்குப் பிந்தைய இருபத்தைந்து ஆண்டுகள். இரண்டாம் உலகப்போரில் ஊனமுற்ற வீரர்கள் தரமற்ற கால்களைப் பற்றி முறையிட்டதன் பேரில், அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் ஆய்வுத் திட்டம் ஒன்றை வகுத்தது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எலும்பு மருத்துவர் வெர்ன் இன்மனும் கட்டுமானப் பொறியாளர் ஹோவர்ட் எபர்ஹார்ட்டும் அதன் ஒரு பிரிவை நடத்தினர். எபர்ஹார்ட் தாமே விமான ஓடுதளச் சோதனை ஒன்றில் முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவர். காலைச் செய்யுமுன் நடையை அறிய வேண்டும் என்று இக்குழு கருதியது. கண்ணாடித் தளத்தில் நடக்கவிட்டுக் கீழிருந்து படமெடுத்தார்கள். எலும்புகளின் அசைவைத் துல்லியமாகக் காண, தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் ஊசிகளைச் செருகிக்கொள்ளத் தன்னார்வலர்கள் முன்வந்தனர். இன்றைய மூட்டுகள் அவர்களுக்குப் பெரிதும் கடன்பட்டவை.

அதே குழுவின் சார்லஸ் ராட்கிளிஃப் மூட்டின் நிலைத்தன்மையைக் கணக்காக மாற்றினார். ஒற்றை அச்சு மூட்டில், எடை இறங்கும் கோட்டுக்குப் பின்னால் அச்சு இருந்தால் கால் மடியாது. மிகவும் பின்னே தள்ளினால் அடியெடுத்து வைக்கும் வேளையிலும் மடிய மறுக்கும். நான்கு சட்ட மூட்டில் நிலையான அச்சே இல்லை. முன், பின் சட்டங்களை மேல்நோக்கி நீட்டினால் அவை சந்திக்கும் புள்ளிதான் அக்கணத்தின் சுழல்மையம். கால் நேராக இருக்கையில் அப்புள்ளி முழங்காலுக்கு மேலேயும் சற்றுப் பின்னேயும் அமையுமாறு சட்டங்களின் நீளத்தைத் தேர்ந்தால், இடுப்புத் தசையின் சிறு முயற்சியாலேயே காலை உறுதியாக நிறுத்தவும் வேண்டும்போது மடிக்கவும் முடியும். மடியும்போது கீழ்க்கால் சற்றுக் குறுகுவதால் விரல் தரையைத் தொடாமல் கடக்கிறது. ஒரே அமைப்பில் இரு ஆபத்துகளுக்கும் விடை காண்பதே இதன் அழகு.

ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவின் டேடன் நகருக்கு வந்த பொறியாளர் ஹான்ஸ் மௌக் வேறு வழியில் சென்றார். அவருடைய திரவ உருளை, கதவை மெல்லச் சாத்தும் கருவிபோல, எடையைத் தாங்கியபடியே மூட்டை மெதுவாக மடியவிடும். மடிந்த கால் நேராகத் தொடங்கியவுடனேயே தடை தானாக விழித்துக்கொள்கிறது. அடியின் முடிவில் மூட்டு பின்னோக்கி அழுந்தினால்தான் விலகுகிறது. எனவே இடறியவருக்கு நெஞ்சும் கையும் சுதாரித்துக்கொள்ளச் சில கணங்கள் கிடைக்கும். இயல்பான நிலையே பாதுகாப்பான நிலை என்ற இந்தக் கொள்கை, இதன்பின் வந்த எந்த வடிவத்தையும் அளக்க உகந்த அளவுகோல்.

இவற்றோடு ஐரோப்பாவில் எடை விழுந்தால் உராய்வால் இறுகும் பிரேக் மூட்டுகளும் பரவின. இவை மலிவானவை. ஆனால் தேய்ந்த பிரேக்கை அடிக்கடி சரிசெய்ய வேண்டும்; ஓரளவுக்கு மேல் மடிந்துவிட்ட காலை அது பிடிக்காது; காலிலிருந்து எடையை எடுத்தால்தான் உட்கார முடியும். முதியவர்களுக்குப் பூட்டு மூட்டே மேல் என்போரும், விறைத்த காலை வீச இடுப்பை உயர்த்தும் சிரமமே கேடு என்போரும் உண்டு.

இந்தியாவில் கேள்வி சற்று மாறியது. தரையில் அமர்வதும், கரடுமுரடான வழியில் நடப்பதும், குறைந்த விலையும் இங்கே கட்டாயம். பி. கே. சேத்தியும் ராம் சந்திர சர்மாவும் 1968இல் உருவாக்கிய ஜெய்ப்பூர் பாதம் பாதத்துக்குத் தீர்வு தந்தது, முழங்கால் பின்தங்கியிருந்தது. ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள் ஜெய்ப்பூர் பாதத்தை வழங்கும் அமைப்புக்காக எண்ணெய் ஊறிய நைலானில் வடிவமைத்த நான்கு சட்ட மூட்டை டைம் இதழ் 2009இன் சிறந்த கண்டுபிடிப்புகளில் சேர்த்தது. அப்போது அதன் விலை ஏறத்தாழ 20 டாலராக இருந்தது.

கனடாவில் யான் ஆண்ட்ரிசெக், பாதத்தில் எடை விழும் இடத்தைக் கொண்டு தானே பூட்டித் திறக்கும் எளிய மூட்டை உருவாக்கினார். 1997இல் அறிமுகமான சி-லெக் என்ற நுண்செயலி மூட்டு முதல், வசதியுள்ளவர்களின் தேர்வு அவ்வகை மூட்டுகளின் பக்கம் சாய்ந்தது. ஐஎஸ்ஓ 10328 தரநிலை 30 லட்சம் சுமைச் சுழற்சிகளைத் தாங்கும் வலிமையைச் சோதிக்கிறது; மூட்டு உடைகிறதா என்பதை அது சொல்லும், அணிந்தவர் விழுவாரா என்பதைச் சொல்லாது. சென்னை ஐஐடியின் டிடிகே மறுவாழ்வு ஆய்வு மையம், மொபிலிட்டி இந்தியா உள்ளிட்ட அமைப்புகளுடன் இணைந்து ‘கதம்’ என்ற, சுழல்மையம் இடம்மாறும் பல்மைய மூட்டை 2022இல் வெளியிட்டது. உள்நாட்டிலேயே தயாரிக்கப்படும் இது துருப்பிடிக்காத எஃகாலும் வலுமிக்க அலுமினியக் கலவையாலும் ஆனது.