கோடிட்ட இடங்கள்: மருத்துவக் குறிப்பும் எழுதும் எந்திரமும்

1

நோயாளி பேசுகிறார், டாக்டர் எழுதுகிறார். ரொம்பச் சாதாரணமாகத் தெரிகிற இந்த ஏற்பாட்டுக்குள் இருநூறு வருட அதிகார வரலாறு ஒன்று சுருண்டு கிடக்கிறது. பேசுகிறவர் ஒருவர், எழுதுகிறவர் இன்னொருவர் என்றால் பேச்சு யாருடையது, எழுத்து யாருடையது என்ற கேள்வி வந்தே தீரும். இப்போது இந்த இருவருக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. மேசைமேல் ஒரு செல்போன். பேசுவதையெல்லாம் அது கேட்டுக்கொள்கிறது. நோயாளி எழுந்து போவதற்குள் மருத்துவக் குறிப்பு தயாராகிவிடுகிறது. டாக்டர் ஒருதரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால் போதும்.

அமெரிக்காவில் இது சோதனைக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. இவ்வகை மென்பொருளை 2020இல் சந்தைக்குக் கொண்டுவந்த நுவான்ஸ் நிறுவனத்தை மைக்ரோசாப்ட் 2022 மார்ச்சில் ஏறத்தாழ 1,970 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. வடக்கு கலிபோர்னியாவில் பெர்மனெண்டே மருத்துவக் குழுமம் 2023 அக்டோபரில் இதைப் புகுத்தியபோது பத்தே வாரத்தில் 3,442 டாக்டர்கள் 3,03,266 சந்திப்புகளில் பயன்படுத்தினார்கள்.

விற்கிறவர்கள் இதைப் புரட்சி என்கிறார்கள். பயப்படுகிறவர்கள் மனித உறவே போச்சு என்கிறார்கள். இரு தரப்புமே, இதற்கு முன்பு நோயாளியின் பேச்சு சேதாரமில்லாமல் காகிதத்தில் ஏறிக்கொண்டிருந்தது போலவும், இப்போதுதான் எந்திரம் வந்து அதைத் தொடுகிறது போலவும் பேசுகிறார்கள். அப்படி ஒரு பொற்காலம் இருக்கவில்லை. எந்திரத்தைப் பற்றிப் பேசவேண்டுமானால் அதற்குமுன் அந்த நாற்காலியில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று பார்க்கவேண்டும்.

2

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வசதியுள்ளவர்கள் தங்கள் நோயைப் பற்றிக் கடிதம் எழுதினார்கள். தூரத்து ஊரிலிருக்கும் வைத்தியர் அதைப் படித்து, உடம்பைத் தொடாமலேயே, தபாலில் மருந்து சொல்லி அனுப்பினார். அங்கே நோய் என்பது நோயாளி சொன்ன கதை. ஏழைகளுக்கு இந்தப் பாக்கியம் இல்லைதான். என்றாலும் மருத்துவ அறிவின் மூலப்பனுவலாக நோயாளியின் சொல்லே இருந்தது.

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிந்திய பாரிஸ் ஆஸ்பத்திரிகளில் இது தலைகீழானது. மிஷல் ஃபூக்கோ 1963இல் வெளியான ‘மருத்துவமனையின் பிறப்பு’ நூலில் காட்டியது இதைத்தான்: உனக்கு என்ன செய்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்த மருத்துவம், எந்த இடத்தில் வலிக்கிறது என்று கேட்கத் தொடங்கியது. நோய் கதையை விட்டு இறங்கி உறுப்புக்குள் போய் உட்கார்ந்தது. 1816இல் லெனெக் காகிதத்தைச் சுருட்டி ஒரு பெண்ணின் நெஞ்சில் வைத்துக் கேட்டார். அது பிறகு ஸ்டெதஸ்கோப் ஆனது. டாக்டர் நோயாளியின் வாயைக் கேட்பதை விட்டு நெஞ்சைக் கேட்கத் தொடங்கிய வருஷம் என்று அதைச் சொல்லலாம். நெஞ்சு பொய் சொல்லாது. வாய் சொல்லும் என்பது இதன் உட்கிடை.

இதை வெறும் இழப்பாகப் புலம்புவது நேர்மையல்ல. காசநோயைக் கண்டுபிடித்தது இந்தப் பார்வைதான். ஆனால் அதற்குக் கொடுத்த விலையை ரொம்பக் காலம் யாரும் கணக்கெழுதவில்லை. மருத்துவ வரலாறு டாக்டர்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது, நோயாளி எங்கே என்று ராய் போர்ட்டர் கேட்டது 1985இல்தான்.

3

அடுத்த மாற்றம் ஆஸ்பத்திரி அலுவலகத்தில் நடந்தது. 1907இல் அமெரிக்க மேயோ கிளினிக்கில் ஹென்றி பிளம்மர் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரே எண், ஒரே உறை என்ற முறையைக் கொண்டுவந்தார். அதுவரை ஒவ்வொரு டாக்டரும் தன் பேரேட்டில் தனக்கு வேண்டியதை எழுதிக்கொண்டிருந்தார். முதல் உலகப்போர் முடிகிற சமயத்தில் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி, ஒழுங்கான கேஸ் ஷீட் இல்லாத ஆஸ்பத்திரியை ஆஸ்பத்திரியாக ஏற்கமாட்டோம் என்றது. குறிப்பு என்பது டாக்டரின் நினைவுக்கு உதவுவது என்ற நிலை போய், நிறுவனம் டாக்டரைக் கண்காணிக்கும் சாதனமாகவும் ஆனது.

1968இல் லாரன்ஸ் வீட் என்ற அமெரிக்க மருத்துவர், குறிப்பைப் பிரச்சினை வாரியாகப் பிரித்து எழுதவேண்டுமென்று வாதிட்டார். அவர் முறையிலிருந்து வந்ததுதான் இன்று உலகம் முழுக்க மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்யும் நான்கு எழுத்து: எஸ், ஓ, ஏ, பி. சேர்த்துப் படித்தால் சோப். நோயாளி சொல்வது சப்ஜெக்டிவ். டாக்டர் பார்த்ததும் பரிசோதனைக்கூடம் சொன்னதும் ஆப்ஜெக்டிவ். அதன்பின் மதிப்பீடு, அதன்பின் திட்டம்.

வீட் நல்ல நோக்கத்தோடுதான் செய்தார். ஆனால் இந்தச் சட்டகம் செய்கிற வேலையைக் கவனியுங்கள். தன் உடம்போடு ஐம்பது வருஷம் குடித்தனம் நடத்தியவர் சொல்வது ‘அகவயம்’. ஐந்து நிமிஷம் பார்த்தவர் சொல்வது ‘புறவயம்’. மருத்துவக் குறிப்பின் மொழிநடையும் இதற்கு ஒத்தாசை. டாக்டர் ‘காண்கிறார்’. நோயாளி ‘கம்ப்ளெயின்’ செய்கிறார். ‘சிகரெட் உண்டா?’ ‘இல்லீங்க’ என்ற இரண்டு சொல் உரையாடல் குறிப்பில் ஏறும்போது ‘பேஷண்ட் டினைஸ் ஸ்மோக்கிங்’ என்றாகிறது. மறுக்கிறாராம்! குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்தான் மறுப்பார். இல்லை என்று சொல்வதற்கும் மறுப்பதற்கும் நடுவில் ஒரு போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது.

பேசவாவது விட்டார்களா? பெக்மன், ஃபிராங்கல் என்ற இருவர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாகப் பதினெட்டு வினாடியில் டாக்டர் குறுக்கிட்டார். எந்திரம் வந்து துண்டிப்பதற்கு முன்பே பேச்சு துண்டுபட்டுத்தான் இருந்தது.

4

இனி நடுவில் இருந்தவர்கள். டாக்டர் ரிக்கார்டரில் சொல்வார்; யாரோ டைப் அடிப்பார்கள். அமெரிக்காவில் அந்த யாரோ பெரும்பாலும் பெண்கள். 1978இல் அவர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். 1990களில் இந்த வேலை கடல் கடந்தது. அங்கே ராத்திரி, இங்கே பகல். டாக்டர் சொல்லிவிட்டுத் தூங்கப் போனால் எழுந்திருப்பதற்குள் குறிப்பு தயார். சென்னையிலும் பெங்களூரிலும் ‘மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன்’ போர்டுகள் முளைத்தன. பி.எஸ்.ஸி.யும் பி.ஏ.வும் படித்த பிள்ளைகள் காதில் ஹெட்போன், காலடியில் பெடல் என்று உட்கார்ந்து, பார்த்தேயிராத ஊரின் டாக்டர், பார்க்கவே போகாத நோயாளியைப் பற்றி முணுமுணுத்ததைத் திருப்பித் திருப்பிக் கேட்டு அடித்தார்கள். கூலி வரிக்கணக்கு. ஒரு வரி என்பது 65 எழுத்து.

இவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதுதான் இந்த ஏற்பாட்டின் நிபந்தனை. 2003 அக்டோபரில் அது ஒரு தடவை கிழிந்தது. சான் பிரான்சிஸ்கோவின் கலிபோர்னியப் பல்கலைக்கழக மருத்துவமனைக் குறிப்புகள் கைமாறிக் கைமாறி, உள்குத்தகைக்கு உள்குத்தகையாக, கராச்சியிலிருந்த ஒரு பெண்ணிடம் போயிருந்தன. அவருக்குக் கூலி வரவில்லை. பாக்கியைத் தராவிட்டால் நோயாளிகளின் குறிப்புகளை இணையத்தில் போட்டுவிடுவேன் என்று அவர் மின்னஞ்சல் அனுப்பினார். அமெரிக்கா அதிர்ந்தது. அதிர்ச்சியெல்லாம் நோயாளியின் அந்தரங்கத்தைப் பற்றித்தான். கூலி பாக்கியைப் பற்றிப் பேச அவ்வளவாக ஆளில்லை.

இந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. அதுதான் இக்கட்டுரைக்கு முக்கியம். டாக்டர் சொன்னது காதில் விழவில்லையென்றால், மருந்தின் பெயரோ அளவோ சந்தேகமென்றால், ஊகித்து அடிக்கக்கூடாது. கோடு போட்டு இடம் விட்டு, பார்வைக்கு அனுப்பவேண்டும். எனக்குத் தெரியவில்லை என்பதை எழுதுவதற்கு எழுத்திலேயே ஓர் இடம் இருந்தது. வரிக்கணக்கில் கூலி வாங்கியவர்களின் அறம் அந்தக் கோடிட்ட இடத்தில் இருந்தது.

5

2009இல் அமெரிக்க அரசு கோடிக்கணக்கான டாலர் ஊக்கத்தொகை கொடுத்து மருத்துவக் குறிப்பைக் கணினிக்குள் தள்ளியது. டைப் அடிக்கும் வேலை டாக்டரின் தலையிலேயே வந்து விழுந்தது. 2016இல் வந்த ஒரு ஆய்வின்படி நோயாளியோடு நேருக்குநேர் செலவிடும் ஒவ்வொரு மணிக்கும் கணினியிலும் மேசைவேலையிலும் ஏறத்தாழ இரண்டு மணி போனது. ராத்திரி வீட்டில் பிள்ளைகள் தூங்கிய பின் டாக்டர்கள் குறிப்பு எழுதினார்கள். அதில் ஒரு பகுதி, சிகிச்சைக்காக அல்ல, இன்ஷூரன்ஸ் பில்லுக்காக. எனவே எந்திரத்தை அவர்கள் வரவேற்பதில் ஆச்சரியமில்லை. டாக்டரின் கண் திரையைவிட்டு மறுபடி நோயாளியின் முகத்துக்கு வருகிறது என்பது சின்ன விஷயமல்ல. இதை மறுத்துவிட்டு விமர்சனம் செய்வது சுலபம், அது விமர்சனமாகாது.

ஆனால் இந்த எந்திரம் கோடு போட்டு இடம் விடுமா? இந்த மென்பொருள்கள் இரண்டு வேலை செய்கின்றன. ஒன்று, ஒலியை எழுத்தாக்குவது. இரண்டு, அந்த எழுத்தைச் சுருக்கி எஸ்.ஓ.ஏ.பி. சட்டகத்துக்குள் வார்ப்பது. இரண்டுமே அடுத்து வரக்கூடிய சொல் எது என்ற நிகழ்தகவில் ஓடுபவை. தெரியாத இடத்தில் நிற்பது அவற்றின் சுபாவத்தில் இல்லை. ஏதாவது பொருத்தமானதைப் போட்டு நிரப்பிக்கொண்டு போகும். ஓப்பன்ஏஐ 2022இல் வெளியிட்ட ‘விஸ்பர்’ என்ற மென்பொருளை ஆலிசன் கெனெக்கியும் சக ஆய்வாளர்களும் சோதித்து 2024இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ நூற்றில் ஓர் ஒலித்துண்டில் யாருமே சொல்லாத சொற்றொடர்கள் இருந்தன. அப்படி முளைத்தவற்றில் 38 சதவீதம் தீங்கானவை: நடக்காத வன்முறை, இல்லாத உறவு என்று.

எங்கே முளைத்தன என்பதுதான் விஷயம். பக்கவாதம் போன்றவற்றால் பேச்சு குலைந்தவர்களின் குரலில், சொல் தேடி அவர்கள் நிற்கும் நீண்ட இடைவெளிகள் உள்ள இடத்தில் இது அதிகம். அதாவது மௌனத்தில். நோயாளி பேச முடியாமல் நிறுத்தும் இடத்தில் எந்திரம் பேசுகிறது. லெனெக்கின் குழல் வாயைத் தாண்டி நெஞ்சுக்குப் போனது. வீட்டின் சட்டகம் பேச்சை அகவயம் என்று ஒதுக்கியது. இது மௌனத்தையும் எடுத்துக்கொள்கிறது.

முன்சொன்ன பெர்மனெண்டே அனுபவத்திலேயே ஓர் உதாரணம். நோயாளியின் கை, கால், வாயில் உள்ள தொந்தரவுகளைப் பற்றி டாக்டர் பேசினார். குறிப்பில், நோயாளிக்குக் ‘கை-கால்-வாய் நோய்’ என்று எழுதியிருந்தது. அது குழந்தைகளுக்குப் பரவலாக வரும் ஒரு வைரஸ் காய்ச்சலின் பெயர். மூன்று உறுப்புகள் அடுத்தடுத்து வந்தால் அந்தப் பெயர்தான் வரவேண்டும் என்று எந்திரம் படித்த ஆயிரமாயிரம் பனுவல்கள் சொல்கின்றன. ஒரு மனிதரின் குறிப்பான வேதனை, பொதுவான சொல்லாடலுக்குள் விழுங்கப்பட்டுவிட்டது. டாக்டர் படித்துத் திருத்துவார் என்கிறார்கள். நேரம் மிச்சமாகும் என்றுதானே வாங்கினார்கள்? அப்புறம் யார் வரி வரியாகப் படிப்பது? அதோடு, விஸ்பரை வைத்துக் கட்டிய ஒரு மருத்துவக் கருவி, பாதுகாப்பு என்ற பெயரில் மூல ஒலியை அழித்துவிடுகிறது என்று 2024 அக்டோபரில் அசோசியேட்டட் பிரஸ் எழுதியது. மூலத்தை எரித்துவிட்டுப் படியை மட்டும் வைத்துக்கொண்டால் பாடபேதம் பார்ப்பது எப்படி?

6

நம்மூருக்கு இது வராது என்று யாரும் நிம்மதியாக இருக்கவேண்டாம். இங்கே நிலைமை இன்னும் சிக்கல். நோயாளி தமிழில் சொல்வார், ஓ.பி. சீட்டில் ஆங்கிலத்தில் ஒன்றரை வரி ஏறும். ‘தலை சுத்துது’ என்பதும் ‘கிறுகிறுன்னு வருது’ என்பதும் ‘கண்ணை இருட்டிக்கிட்டு வருது’ என்பதும் ஒன்றல்ல. உலகம் சுழல்வது காதுக்குள் இருக்கும் கோளாறாக இருக்கலாம். கண் இருட்டுவது ரத்த அழுத்தமோ இதயமோ காரணமாக இருக்கலாம். சீட்டில் எல்லாமே ‘கிட்டினஸ்’. குத்துது, குடையுது, பிசையுது, சுருக்குங்குது, எரியுது — வலிக்கு இவ்வளவு வினைச்சொல் வைத்திருக்கிற மொழியின் முன்னால் ‘பெயின்’ என்ற ஒரு சொல். இரட்டைக்கிளவியைப் பத்தாம் வகுப்பு இலக்கணத்தில் இரண்டு மார்க்குக்குப் படித்ததோடு சரி. அது நோயறிகருவி என்று யாரும் சொல்லித்தரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணம் மானிப்பாயில் சாமுவேல் கிரீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து நூல்களும் பெயர்த்தார். அந்த வழி அப்படியே தூர்ந்துபோனது.

விஸ்பர் பயின்ற 6,80,000 மணிநேர ஒலியில் ஆங்கிலமல்லாத 96 மொழிகளுக்கும் சேர்த்து 1,17,000 மணிநேரம்தான். தமிழ் அதில் ஒரு துளி. அதிலும் பேச்சுத்தமிழ், அதிலும் பல் போன கிழவியின் வட்டாரத் தமிழ் எவ்வளவு இருக்கும்? அமெரிக்காவிலேயே 2020இல் இதே கெனெக்கி குழுவினர் ஐந்து பெரிய நிறுவனங்களின் மென்பொருள்களைச் சோதித்தபோது வெள்ளையர் பேச்சில் நூறு சொல்லுக்கு 19 பிழை, கறுப்பர் பேச்சில் 35. விளிம்பில் இருப்பவரின் பேச்சுதான் அதிகம் திரிகிறது; அவர்தான் குறிப்பைப் படித்துத் திருத்தச் சொல்லும் நிலையிலும் இல்லை.

நமக்கு இதற்கு ஒரு மரபு உண்டு. செல்லரித்த ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு புறநானூற்றை 1894இல் அச்சிட்ட உ.வே.சா., கிடைக்காத பாட்டைத் தானே பாடி நிரப்பவில்லை. 267, 268 என்ற எண்கள் இன்றும் பாட்டில்லாமல் இருக்கின்றன. சிதைந்த இடத்தில் புள்ளி வைத்தார்கள். யாப்பு தெரிந்தவர்கள், நிரப்பியிருந்தால் பலருக்குத் தெரிந்திருக்காது. நிரப்பாததுதான் பதிப்பறம்.

கேட்கவேண்டியது எந்திரம் வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. கேட்காததைக் கேட்கவில்லை என்று எழுத அதற்குக் கட்டளை உண்டா? மூல ஒலி நோயாளியின் சம்மதப்படி வைக்கப்படுமா, அழிக்கப்படுமா? எழுதியதை நோயாளியின் மொழியில் அவருக்கு வாசித்துக் காட்டி, ‘இதைத்தானே சொன்னீங்க?’ என்று யாராவது கேட்பார்களா? அமெரிக்காவில் நோயாளி தன் குறிப்பைப் படிப்பது சட்டப்படி உரிமை. இங்கே சீட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, ‘என்னா போட்டிருக்காங்க தம்பி?’ என்று மருந்துக் கடையில் கேட்பவர்களுக்கு எழுதியது டாக்டரா, எந்திரமா என்பது இரண்டாவது கேள்விதான்.