விறகுக்கட்டுப் புழு

அறிவியல் பெயர் யூமெட்டா கிராமெரி. சைக்கிடே குடும்பத்து அந்துப்பூச்சி. இலங்கையிலும் இந்தியாவிலும் தேயிலை, கருவேலம் முதலியவற்றில் வாழ்கிறது. இலங்கையின் உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலை மலையில் வாதோடு வாதாகத் தொங்கும் இதன் கூட்டைக் காய்ந்த சுள்ளியென்று நினைத்துக் கடந்துவிடலாம். கையில் எடுத்தால்தான் அடையாளம் தெரியும்: நறுக்கிய குச்சிகள் நெடுக்காக வரிசைகட்டி நிற்கும், ஒன்றிரண்டு மட்டும் அடியில் நீண்டிருக்கும், உட்புறம் முழுக்கப் பட்டுநூல் மெத்தை. கவ்வாத்து மலையில் மிலாறு பொறுக்கிக் கட்டிய சுமையை விரலளவுக்குச் சுருக்கியதுபோல் இருக்கும்.

இதற்குப் பூச்சியியலாளர் வெஸ்ட்வுட் 1854இல் பெயர் சூட்டினார். அதைவிடச் சுவையான செய்தியைத் தருபவர் எமர்சன் டெனன்ட். 1845இல் இலங்கைக்குக் குடியேற்றச் செயலாளராக வந்த இவர், இத்தகைய கூட்டுப் பூச்சிகளைச் சிங்களவர் விறகைக் குறிக்கும் சொல்லால் அழைத்ததை 1861இல் வெளியான தம் நூலில் பதிந்தார். முற்பிறவியில் விறகு திருடியவர்களே இப்படிப் பிறக்கிறார்களாம். திருடியதை ஆயுள் முழுக்கச் சுமக்கவேண்டும், தண்டனை பொருத்தமானதுதான். பூண்டுலோயாவில் தோட்டத் துரையாக இருந்த கிரீன் 1890இல் தேயிலைப் பூச்சிகளுக்கென்றே ஒரு நூல் எழுதினார். நீலகிரியில் தேயிலை பயிரிட்ட ஹாம்ப்சன் 1893இல் இலங்கை அந்துப்பூச்சிகளை வகைப்படுத்தினார். ஈக்கெட்டிக்கஸ், கிளானியா என்று பேரினப் பெயர் மாறிவந்தாலும் யூமெட்டா என்பதே சரி.

முட்டைகள் தாயின் கூட்டுக்குள்ளேயே பொரிகின்றன. குஞ்சுப் புழுக்கள் நூலில் இறங்கித் தொங்க, காற்று அவற்றை அடுத்த செடிக்குக் கொண்டுசேர்க்கும். சேர்ந்த இடத்தில் முதல் வேலை கூடு கட்டுவது. பிறகு தலையையும் முன்கால்களையும் மட்டும் வெளியே நீட்டி இலையையும் பட்டையையும் தின்னும். வளர வளரக் கூட்டையும் பெரிதாக்கும். தொட்டால் வாயிலை இழுத்து மூடிக்கொள்ளும். முதிர்ந்ததும் கூட்டை வாதில் கட்டி, உள்ளே தலைகீழாகத் திரும்பிக் கூட்டுப்புழுவாகிறது.

ஆணுக்குத்தான் சிறகு முளைக்கும். சிறகோ காலோ இல்லாத பெண், புழுவைப் போன்ற உருவத்தோடு கூட்டிலேயே இருந்துவிடும். ஆண் தன் வயிற்றை நீட்டி உள்ளே செலுத்திப் புணரும். பெண் முட்டையிட்டு மடியும். கூட்டின் அடிவாயில் வெற்றுத்தோல் பாதி துருத்திக்கொண்டிருந்தால் ஆண் பறந்துவிட்டதென்று பொருள்.

லயத்துச் சுவரில் ஊரும் தட்டையான சாம்பல்நிறக் கூடு வேறு இனம்; அதற்கு இரு முனையும் வாய். நெல்வயலில் இலைச்சுருளோடு மிதக்கும் கூண்டுப்புழுவும் இதற்கு உறவில்லை.

தேயிலையில் கூடுகளைக் கையால் பறித்து அழிப்பது பழைய வழக்கம். ஒட்டுண்ணிக் குளவிகளும் இதைக் கட்டுப்படுத்துகின்றன.