யார் கணக்கில் எழுதப்படும் செலவு? மதராசி கேம்பும் பொதுநிதியும்

2025 ஜூன் 1 அன்று தில்லி ஜங்புராவை ஒட்டியிருந்த மதராசி கேம்ப் இடித்து அகற்றப்பட்டது. பாராபுல்லா வடிகாலின் நீரோட்டத்தைத் தடுக்கும் ஆக்கிரமிப்பு எனக் கருதித் தில்லி உயர்நீதிமன்றம் மே 9 அன்று பிறப்பித்த ஆணையே அதற்கு அடிப்படை. பிழைப்புத் தேடித் தமிழகத்திலிருந்து வந்தோர் அரை நூற்றாண்டுக்கும் மேலாக வாழ்ந்த ஏறத்தாழ 370 வீடுகள் மறைந்தன. இந்நிகழ்வு பெரும்பாலும் தில்லித் தமிழரின் துயரமாகவே பேசப்பட்டது. இதற்குப் பொதுநிதி சார்ந்த ஒரு வரலாறும் உண்டு.

தில்லியில் குடிசைகளை அகற்றி மாற்றிடம் தரும் திட்டம் 1960 அளவில் தொடங்கியபோது, ஒரு குடும்பத்துக்கு 80 சதுர கஜம் மனை என்பது அளவாக இருந்தது. சில ஆண்டுகளில் அது 25 சதுர கஜமாகக் குறைந்தது. நெருக்கடிநிலைக் காலத்தில் தலைநகரில் இடிக்கப்பட்ட கட்டுமானங்கள் ஒன்றரை இலட்சம் என ஷா ஆணையம் பதிவு செய்தது. 1990களில் மனையின் அளவு 18 சதுர மீட்டராகவும் 12.5 சதுர மீட்டராகவும் சுருங்கியது. நகரம் செல்வத்தில் வளர வளர, ஏழைக்கு ஒதுக்கிய நிலம் குறுகியது என்பதே இவ்வரலாற்றின் சுருக்கம்.

2003இல் நிறைவேறிய நிதிப் பொறுப்புச் சட்டம் பற்றாக்குறைக்கு வரம்பு கட்டும் அரசியலை உறுதிப்படுத்தியது. 2005இல் தொடங்கிய ஜவாகர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டத்தின் நிதியில் நரேலா, பவானா போன்ற நகர விளிம்புகளில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. அவற்றுள் பல்லாயிரம் வீடுகள் ஆண்டுக்கணக்கில் ஆளின்றிக் கிடந்தன. அரசுக் கணக்கில் அவை மூலதனச் செலவு. வீட்டில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் பதிவு மாறுவதில்லை.

மதராசி கேம்ப் குடும்பங்களுக்குக் காட்டப்பட்ட மாற்றிடமும் நரேலாவே. தில்லியின் 2015ஆம் ஆண்டு மறுவாழ்வுக் கொள்கை, இயன்றவரை அதே இடத்திலோ ஐந்து கிலோமீட்டருக்குள்ளோ வீடு தரவேண்டும் என்கிறது. தொலைவு விதிவிலக்காக மட்டுமே ஏற்கத்தக்கது. நரேலாவோ ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இடிப்பின்போது மாவட்ட நிர்வாகம் தெரிவித்தபடி 189 குடும்பங்களே தகுதி பெற்றன. தகுதி பெற்றோர் செலுத்தவேண்டிய பயனாளி பங்கு 1,12,000 ரூபாய். பராமரிப்புக்கு மேலும் 30,000 ரூபாய்.

சங்க இலக்கியத்தில் 'செலவு' என்னும் சொல் பயணத்தைக் குறிக்கும். பணம் கழிவதைக் குறித்தது பிற்கால வழக்கு. ஜங்புரா வீடுகளில் வேலை செய்துவந்த பெண்ணுக்கு நரேலாவில் அவ்விரு பொருளும் ஒன்றாகின்றன. பேருந்துக் கட்டணம், வழியில் கழியும் மணிநேரம், கைவிட்டுப்போன வேலை, தமிழ் கற்பிக்கும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியிலிருந்து பிள்ளைகள் விலகும் இழப்பு ஆகிய எதற்கும் வரவு செலவுத் திட்டத்தில் தலைப்பு இல்லை. வீட்டுக்கான பங்கைச் செலுத்த வாங்கும் கடனும் பொதுக்கடனில் சேராது.

வடிகால் அடைபட்டால் வெள்ளத்தில் தவிப்பவரும் குடிமக்களே. அரசு வரம்பின்றிக் கடன் வாங்க இயலாது. இன்று வாங்கும் கடனுக்கு வட்டி கட்டுவோர் நாளைய வரி செலுத்துவோர். இவ்வாதங்களைப் புறந்தள்ள முடியாது. ஆனால், அரசு செலவைக் கூட்டவேண்டுமா, குறைக்கவேண்டுமா என்று மட்டும் கேட்கும் விவாதம், அச்செலவு எங்கே இடம்பெயர்கிறது என்பதைக் கவனிப்பதில்லை. பொதுக் கணக்கிலிருந்து நீங்கிய தொகை பல நேரங்களில் குடும்பக் கணக்குக்கு நகர்ந்திருக்கிறது. பற்றாக்குறையை அளப்பது போலவே அந்த நகர்வையும் அளக்கும் வரை, சிக்கனம் எனப்படுவதில் எவ்வளவு உண்மையான சேமிப்பு, எவ்வளவு பிறர் தலையில் ஏற்றிய சுமை என்று பிரித்தறிய வழியில்லை.