பழைய லாரிகள்: பராமரிப்பும் பழுதுபார்ப்பும் (மூணாறு – மாட்டுப்பட்டி மலைப்பகுதி)

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் மூணாறு, மாட்டுப்பட்டி, குண்டளை, வட்டவடை ஆகிய மலையூர்களிலும், அவற்றுக்குச் சரக்கு ஏற்றும் தமிழ்நாட்டு எல்லைப் பகுதிகளிலும் ஓடும் பழைய கனரக லாரிகளைப் பேணிப் பழுதுபார்க்கும் தொழிலைக் குறித்தது இக்கட்டுரை. பழைய லாரி என்று இங்கே கொள்ளப்படுவது மின்னணுக் கட்டுப்பாடு ஏதுமின்றி, டீசல் பம்பு முதல் பிரேக் வரை அனைத்தும் இயந்திர விசையாலும் காற்றழுத்தத்தாலும் இயங்கும் வண்டி. தேயிலைக் கொழுந்து, தொழிற்சாலை அடுப்புக்கான யூகலிப்டஸ் விறகு, வட்டவடைக் காய்கறி, மாட்டுத்தீவனம் ஆகியவை இவற்றின் வழக்கமான சுமைகள்.

வரலாறு

இம்மலையில் சரக்குப் போக்குவரத்து லாரியோடு தொடங்கவில்லை. கண்ணன் தேவன் மலைத் தோட்டங்களின் தேயிலையைக் கொண்டுசெல்ல 1902இல் மூணாற்றிலிருந்து மாட்டுப்பட்டி வழியாக டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளப் பாதை போடப்பட்டது. யூவிங் முறை எனப்பட்ட அதில் எடையின் பெரும்பகுதியை ஒரே தண்டவாளம் தாங்கியது; பக்கத்துச் சக்கரம் ஒன்று தரையில் உருண்டு சமநிலை காத்தது; காளைகள் இழுத்தன. 1908இல் இது இரண்டு அடி அகல ரயில்பாதையாக மாற்றப்பட்டு, நீராவி இன்ஜின்கள் ஓடின. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கோட்டகுடிக்கு இறங்கிய தேயிலைப் பெட்டிகள் போடிநாயக்கனூர் வழியாகத் தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போயின. 1924 ஜூலையில், மலையாள ஆண்டு 1099இல், பெய்த பெருமழையில் இந்தக் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்பாதை அடித்துச் செல்லப்பட்டது, மறுபடி போடப்படவில்லை. அதன் சக்கரம் ஒன்று மூணாறு தேயிலை அருங்காட்சியகத்தில் உள்ளது.

அந்த வெள்ளமே இம்மலையை மோட்டார் வண்டியிடம் ஒப்படைத்தது. மலைக்குக் கீழே, 1928இல் மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு (போடிக்கு) ரயில் வந்தது. 1935இல் பெரியாற்றின் மேல் நேரியமங்கலம் பாலம் திறக்கப்பட்டபின் கொச்சிப் பக்கமும் வண்டி இறங்க வழி பிறந்தது. இரண்டாம் உலகப்போரின்போது போடி ரயில்பாதை பெயர்த்தெடுக்கப்பட்டதால், மலைக்குக் கீழேயும் சாலையே துணையாயிற்று. பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியை எரித்து வரும் வாயுவால் வண்டி ஓட்டும் கேஸ் பிளான்ட்டை மதுரை டி.வி.எஸ். நிறுவனம் தயாரித்தது. தென்னிந்திய மெக்கானிக்குகள் இன்ஜினை அதன் இயல்புக்கு மாறாக ஓடவைக்கக் கற்ற முதற்பள்ளி அதுதான் என்று கொள்ளத் தகும்.

போர் முடிந்ததும் ராணுவம் கழித்த ஷெவர்லே, ஃபோர்டு, டாட்ஜ் லாரிகள் டிஸ்போசல்ஸ் ஏலத்தில் மலிவாகக் கிடைத்தன. அவற்றின் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு, சென்னை சிம்ப்சன் தயாரித்த பெர்கின்ஸ் பி6 டீசல் இன்ஜினைப் பொருத்துவது 1950களில் பெருவழக்காக இருந்தது. தாங்கு கட்டைகளை வெட்டி ஒட்டி, கிளட்ச் உறையை லேத்தில் கடைந்து, ஒரு நாட்டு வண்டிக்குள் இன்னொரு நாட்டு இன்ஜினை உட்காரவைத்த அந்த வேலைதான் இன்றைய பட்டறைத் தொழிலின் தாய்வேர்.

வகைகள்

இப்பகுதியின் பழைய லாரிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, மேற்கண்ட கலப்பு வண்டிகளும், ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் பெட்ஃபோர்டு, பிரீமியர் நிறுவனத்தின் ஃபார்கோ, டாட்ஜ் போன்ற மூக்கு லாரிகளும். இரண்டாவது, 1954இல் டாடாவின் டெல்கோ நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸுடன் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் தயாரிக்கத் தொடங்கிய டாடா மெர்சிடிஸ் பென்ஸ். 1969இல் ஒப்பந்தம் முடிந்ததும் முகப்பிலிருந்த நட்சத்திரம் போய் டாடா எழுத்து வந்தது. 1210, 1612 என்ற டாடா எண்களில் முதல் இரு இலக்கம் சுமையோடு சேர்ந்த மொத்த எடை டன்னில். பின் இரண்டைப் பத்தால் பெருக்கினால் குதிரைத்திறன். 1210 என்பது 12 டன், 100 குதிரைத்திறன். மூன்றாவது, எண்ணூரின் அசோக் லேலண்ட். 1948இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி ஆஸ்டின் கார்களைப் பூட்டிய நிறுவனம் 1955இல் இப்பெயர் பெற்றது. அதன் காமெட் லாரி தெற்கே வேரூன்றியது. மலைக்கு ஏற்றது லேலண்ட், உதிரிபாகம் எளிதில் கிடைப்பது டாடா.

இந்த இரு குடும்பங்களும் அரை நூற்றாண்டு தாங்கியதற்குக் காரணம், முக்கியப் பாகங்கள் பக்கத்திலேயே உற்பத்தியானதுதான். டீசல் பம்பும் நாசிலும் 1951இல் தொடங்கிய பெங்களூர் மைக்கோவிடமிருந்தும், காற்று பிரேக் கருவிகள் 1962இல் சென்னை பாடியில் தொடங்கிய சுந்தரம் கிளேட்டனிடமிருந்தும் வந்தன. கம்ப்ரஸர் முதலான பட்டறைக் கருவிகளைக் கோவை எல்ஜி 1960 முதல் செய்தது. லாரிக் கூடு கட்ட நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி இருந்தன.

மலையில் வரும் பழுதுகள்

மலை லாரியைக் கெடுப்பது ஏற்றம் அல்ல, இறக்கம். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது பழைய ஓட்டுநர்களின் முதல் விதி. டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விட்டால் இன்ஜினின் பிடிமானம் போய்விடும். இன்ஜின் மெதுவாகச் சுற்றுவதால் கம்ப்ரஸரும் காற்றைப் போதுமான வேகத்தில் நிரப்பாது. அதே நேரத்தில் கால் பிரேக்கை விடாமல் மிதிக்கும். காற்று குறைந்தால் தானே பிடிக்கும் ஸ்பிரிங் பிரேக் பெரும்பாலான பழைய வண்டிகளில் இல்லை. ஆகவே வளைவில் நிற்கும்போது கிளீனர் குதித்துச் சக்கரத்துக்குக் கட்டை போடும் வழக்கம் கடைசிப் பாதுகாப்பாக இருந்தது.

இப்படி மிதித்துச் சூடேறிய பிரேக் டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். டிரம் சூடு வீல் பேரிங் கிரீஸை உருக்கி, சீல் வழியாக லைனிங்கில் ஒழுகவிடும். எண்ணெய் பட்ட லைனிங்கைத் துடைத்துப் பூட்டுவது தவறு, மாற்றியே தீர வேண்டும். தேய்ந்த டிரம்மை லேத்தில் கடைந்து, அதற்கேற்பத் தடித்த லைனிங்கை ரிவிட் அடிப்பது வழக்கம். மழைக்காலத்தில் காற்றுத் தொட்டியில் தண்ணீர் சேரும். தினமும் மாலையில் வடித்துவிட வேண்டும்.

கொண்டை ஊசி வளைவில் நின்று முதல் கியரில் எடுக்கும்போது பின் ஆக்சில் முறிவது சாதாரணம். கனரக லாரியில் எடையைத் தாங்குவது ஹவுசிங். ஆக்சில் தண்டு திருப்புவிசையை மட்டும் கடத்துகிறது. எனவே சுமையை இறக்காமல், ஜாக்கியும் வைக்காமல், ஹப்பின் போல்ட்டுகளைக் கழற்றித் தண்டை உருவலாம். உள்ளே தங்கிய முறிந்த துண்டுதான் தொல்லை: மறுபக்கத் தண்டையும் உருவி, நீளக் கம்பியால் தள்ளி எடுப்பார்கள். சாலையோரத்தில் இரு ஆட்கள் செய்யக்கூடிய இந்த வேலையை எண்ணி வடிவமைத்த பொறியாளர்கள் பாராட்டுக்குரியவர்கள்.

ஸ்பிரிங்கில் மெயின் பட்டை பெரும்பாலும் சென்டர் போல்ட் துளையருகே உடையும். யூ போல்ட் தளர்வதே அதற்குக் காரணம். புதுப் பட்டை போட்டபின் முதல் சுமை ஓட்டம் முடிந்ததும் மறுபடி முறுக்காவிட்டால் வேலை வீண். வளைவு போன பட்டையைக் கொல்லுலையில் காய்ச்சி, வளைத்து, பதமேற்றும் கைத்திறன் அருகிவருகிறது.

மாட்டுப்பட்டி சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இன்ஜினின் இழுவை அதற்கேற்பக் குறையும். அதை ஈடுகட்ட டீசலைக் கூட்டிவைப்பது பயன் தராது: எரியாத டீசல் கரும்புகையாகும், மீதி லைனர் வழியாக ஆயிலில் கலந்து பேரிங்கைத் தின்னும். தண்ணீர் இங்கே சுமார் 94 டிகிரியிலேயே கொதிப்பதால் ரேடியேட்டர் மூடியின் ரப்பர் நன்றாக இருக்க வேண்டும். தேய்ந்த கிராங்கை ஒவ்வொரு முறையும் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு அரைத்து, அந்த அளவுக்குரிய பேரிங் போடுவார்கள். வெளிச்சந்தை உதிரிபாகம் கிளட்ச், புஷ், கண்ணாடிக்குப் போதும். பேரிங்குக்கும் பிரேக்குக்கும் கம்பெனிப் பொருளே வேண்டும்.

இன்றைய நிலை

2021இன் வாகனக் கழிப்புக் கொள்கைக்குப் பின், 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் முதல் புதுப்பிக்கப்படுவதில்லை; தனியார் லாரிகள் தகுதிச் சான்று (எஃப்.சி.) காட்டி ஓடலாம். பி.எஸ்.6 மாசுத் தரத்துக்கேற்ற புது வண்டிகளுக்கு மடிக்கணினியும் சென்சாரும் வேண்டியிருப்பதால் அவை அடிவாரத்துக் கம்பெனிப் பட்டறைகளுக்கே போகின்றன.