கார்னர்ஷாப்

கார்னர்ஷாப், இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் 1991இல் உருவான 'இண்டி பாப்' இசைக்குழுவாகும். பெரிய இசைத்தட்டு நிறுவனங்களை அண்டாமல் சிறு வெளியீட்டகங்களை நம்பி வளர்ந்த கிட்டார் இசையே இப்பெயரால் வழங்கப்படுகிறது. வுல்வர்ஹாம்ப்டனில் பிறந்த பஞ்சாபியரான டிஜிந்தர் சிங் பாடல்களை எழுதிப் பாட, அவருடைய சகோதரர் அவ்தார் சிங், பென் ஐரிஸ், டேவிட் சேம்பர்ஸ் ஆகியோர் தொடக்கத்தில் உடனிருந்தனர்.

தெருமுனை மளிகைக்கடையைக் குறிக்கும் 'கார்னர்ஷாப்' என்னும் பெயர், பிரித்தானியாவில் குடியேறிய தெற்காசியர் என்றாலே கடைக்காரர்தான் என்ற பொதுப்புத்தியைக் கேலி செய்யும் நோக்கில் சூட்டப்பட்டது. 1993இல் வெளிவந்த முதல் சிறுதட்டு குழம்பின் நிறத்திலேயே வார்க்கப்பட்டதும் அக்கேலியின் நீட்சியே. ஆனால் கேலியோடு அவர்கள் நின்றுவிடவில்லை: பாடகர் மாரிஸி இனவாதச் சாயலுடன் பாடல் புனைகிறார் என்று குற்றஞ்சாட்டி, 1992இல் அவருடைய படத்தைப் பொதுவெளியில் எரித்தனர். கரடுமுரடான கிட்டார் ஒலி கொண்ட தொடக்ககாலப் பாடல்களில் இந்தச் சினமே மேலோங்கியிருந்தது.

குழுவின் தனித்தன்மை துலங்கியது 1995இல் வந்த இரண்டாம் தொகுப்பில்தான். ஜலந்தர் நகரின் பெயரைத் தாங்கிய அதன் புகழ்பெற்ற பாடல், பஞ்சாபி வரிகளை ஏறத்தாழ அசையாத ஒரே சுருதியின்மேல் மீண்டும் மீண்டும் சுழலவிடுகிறது. இவ்வகை நீடொலியை நியூயார்க்கின் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவோடு விமர்சகர்கள் ஒப்பிட்டது பொருத்தமே என்றாலும், ஐரிஸின் கையிலிருந்த கருவி தம்பூரா என்பதை அறிந்த இந்தியச் செவிக்கு அவ்வளவு தொலைவு போகவேண்டிய தேவையில்லை.

1997இல் வெளியான மூன்றாம் தொகுப்பில் ஹிப் ஹாப் தாளமும் அமெரிக்க நாட்டுப்புறப் பாணியும் கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க்கின் குரலும் அருகருகே இடம்பெற்றன. அதில் உள்ள 'பிரிம்ஃபுல் ஆஃப் ஆஷா', திரையில் பிறர் வாயசைக்கத் தாம் மறைந்து நின்று பாடும் பின்னணிப் பாடகியருக்கு, குறிப்பாக ஆஷா போஸ்லேவுக்கு, செலுத்தப்பட்ட வணக்கம். 'செண்பகமே செண்பகமே' பாடலைப் பாடியவர் என்று தமிழர் அறிந்த அதே ஆஷாதான். நிமிடத்துக்கு 45 முறை சுழலும் சிறிய இசைத்தட்டும், லதா மங்கேஷ்கர், முகமது ரஃபி ஆகியோரின் பெயர்களும் வரும் இப்பாடல், முதலில் பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் 60ஆம் இடத்தையே எட்டியது. ஃபேட்பாய் ஸ்லிம் என்னும் நார்மன் குக், குரலின் சுருதியைச் சற்று உயர்த்தி நடையை விரைவாக்கி மறுகலவை செய்த வடிவம் 1998 பிப்ரவரியில் முதலிடம் பிடித்தது. நடனமேடையைக் கவர்ந்தது அவ்வடிவம் எனினும், சாய்ந்து உட்கார்ந்து பழைய தட்டுகளைக் கேட்பவரின் சோம்பலான சுகம் மூலப்பாடலில்தான் இருக்கிறது.

அத்தொகுப்பின் இறுதிப் பாடல் பீட்டில்ஸ் குழுவின் 'நார்வீஜியன் வுட்'. 1965இல் ஜார்ஜ் ஹாரிசன் சித்தார் மீட்டிய அப்பாடலைக் கார்னர்ஷாப் முழுக்கப் பஞ்சாபியில் பாடியது. இந்திய ஒலியைக் கடன் வாங்கிய ஆங்கிலப் பாடலுக்கு இந்திய மொழியையே கொடுத்துவிட்ட இச்செயலில், நையாண்டி எவ்வளவு, அன்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

2002ஆம் ஆண்டுத் தொகுப்புக்குப் பின் வெளியீடுகள் அரிதாயின. 2011இல் பாடகி பப்ளி கவுருடன் முழுமையான பஞ்சாபித் தொகுப்பொன்றையும், 2020இல் 'இங்கிலாந்து இஸ் எ கார்டன்' தொகுப்பையும் சொந்த வெளியீட்டகத்தின் வழியே குழு வெளியிட்டது.