வீட்டுச் சாக்கடையை வேவு பார்த்த கதை

1871ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் ஸ்கார்பரோ என்ற கடற்கரை ஊரில், லண்டஸ்பரோ லாட்ஜ் மாளிகையில் பெரிய மனிதர்கள் கூடி விருந்துண்டார்கள். விக்டோரியா மகாராணியின் மூத்த மகன் எட்வர்டும் வந்திருந்தார். திரும்பிப் போன சில வாரங்களில் அவருக்கு டைபாய்டு கண்டது. அதே மாளிகையில் தங்கியிருந்த செஸ்டர்ஃபீல்டு பிரபு அதே காய்ச்சலில் இறந்தார். இளவரசரின் குதிரைக்காரர் ஒருவரும் இறந்தார். இளவரசர் மட்டும் சாவின் வாசல்வரை போய்ப் பிழைத்து வந்தார். பழி மாளிகையின் சாக்கடை மேல் விழுந்தது.

ஏழைகளின் சேரிதான் நோயின் ஊற்று என்று எண்ணியிருந்த கனவான்களை இந்தச் செய்தி உலுக்கியது. அவர்கள் வீடுகளில் பளபளக்கும் பீங்கான் கழிப்பறைகள் இருந்தன. சங்கிலியை இழுத்தால் எல்லாம் போய்விடும். எங்கே போகிறது, போய்ச் சேருகிறதா என்று யாரும் கேட்டதில்லை. தரைக்கு அடியில் மண்குழாயின் இணைப்பு விட்டிருக்கலாம். கழிவு சமையலறைக்குக் கீழேயே தேங்கியிருக்கலாம். காரை பூசி மூடிவிட்ட பிறகு அதை யார் பார்ப்பது?

சாக்கடை வாயுதான் நோயைக் கொண்டுவருகிறது என்று அக்கால மருத்துவர்கள் பலர் நம்பினார்கள். அது தவறு. டைபாய்டு, மலம் கலந்த நீராலும் உணவாலும் பரவுவது. ஆனாலும் அந்தத் தவறான நம்பிக்கை மக்களைச் சரியான இடத்தில் தேட வைத்தது. உடைந்த குழாயிலிருந்து கசிந்தது கிணற்றைச் சேர்ந்தால் நோய் வரத்தான் செய்யும்.

லீட்ஸ் நகரத்து அறுவை மருத்துவர் தாமஸ் பிரிட்ஜின் டீல் 1878இல் ஒரு படப்புத்தகம் வெளியிட்டார். வீட்டின் குறுக்குவெட்டை வரைந்து, எந்தக் குழாய் எங்கே விட்டிருக்கிறது, வாயு எந்த வழியாகப் படுக்கையறைக்கு ஏறுகிறது என்று படம் படமாகக் காட்டினார். கொத்தனார்களும் குழாய் வேலைக்காரர்களும் மறைத்து வைத்த தவறுகளை வீட்டுக்காரர் கண்ணுக்குக் கொண்டுவந்த முதல் முயற்சிகளில் அது ஒன்று. அதே ஆண்டு எடின்பரோவில் பொறியியல் பேராசிரியர் ஃப்ளெமிங் ஜென்கின் ஒரு சுகாதாரப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கினார். கடலடித் தந்திக் கம்பிகளில் பழுது தேடிப் பழகியவர் அவர். ஆண்டுக்கு ஒரு கினி சந்தா கட்டினால் சங்கத்தின் பொறியாளர் வந்து வீட்டுச் சாக்கடையைச் சோதித்துத் தருவார். பழுதைக் கண்டுபிடிப்பவரும் பழுதுபார்த்துக் காசு வாங்குபவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்ற நேர்மை அந்த ஏற்பாட்டில் இருந்தது. இன்றுவரை இந்தத் தொழிலுக்கு அதைவிட நல்ல விதி கிடைக்கவில்லை.

சோதிக்கும் முறைதான் விந்தையானது. ஒருவர் கூரைக்கு ஏறி, கழிவுக் குழாயின் மேல்வாயில் பெப்பர்மிண்ட் எண்ணெயை ஊற்றி, பின்னாலேயே வெந்நீரையும் ஊற்றுவார். இன்னொருவர் அறை அறையாக மோப்பம் பிடித்து நடப்பார். எந்த அறையில் பெப்பர்மிண்ட் வாசம் வருகிறதோ அங்கே குழாய் விட்டிருக்கிறது என்று பொருள். எண்ணெய் ஊற்றியவர் வேலை முடியும்வரை வீட்டுக்குள் வரக் கூடாது. அவர் கையில் ஒட்டிய வாசமே சோதனையைக் கெடுத்துவிடும். இதற்கு அடுத்தது புகைச் சோதனை. குழாயின் வாயை அடைத்து உள்ளே புகையைச் செலுத்தினால் ஓட்டை இருக்கும் இடத்தில் புகை வெளியே வரும். தெருச் சாக்கடையில் ஆள் இறங்கும் தொட்டி ஒன்றில் விளக்கும் அடுத்த தொட்டியில் கண்ணாடியும் வைத்துப் பார்ப்பார்கள். வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிந்தால் குழாய் நேராக இருக்கிறது. வளைவு வந்துவிட்டால் இந்த வித்தை பலிக்காது. வீட்டுக் குழாயிலோ வளைவுதான் அதிகம்.

இந்தக் காலத்துக்குச் சற்று முன்பே ஒரு கேமரா சாக்கடைக்குள் இறங்கியிருந்தது. 1860களில் பாரிஸின் புகழ்பெற்ற புகைப்படக்காரர் நாடார், பாதாளக் கல்லறைகளையும் அவற்றை அடுத்துச் சாக்கடைச் சுரங்கங்களையும் மின்விளக்கு வெளிச்சத்தில் படம் எடுத்தார். பலூனில் பறந்து நகரத்தை மேலிருந்து எடுத்த அதே நாடார்தான். மின்கலங்கள் பெரியவை, கீழே இறக்க வழியில்லாத இடங்களில் அவற்றைத் தெருவிலேயே வைத்து, கம்பியை மட்டும் தொட்டி வழியாக உள்ளே விடுவார்கள். ஒரு படத்துக்குப் பதினெட்டு நிமிடம்வரை தகட்டைத் திறந்து வைக்க வேண்டும். கடைசி நொடியில் மேலே ஏதோ ஒரு வீட்டில் குளித்த வெந்நீரைத் திறந்துவிட, ஆவி எழுந்து படம் பாழாகும். மேலே குளித்த அந்தப் புண்ணியவானைத் திட்டித் தீர்த்ததாக நாடார் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அவர் நின்ற சுரங்கத்தில் ஆள் நடக்கலாம். வீட்டிலிருந்து வரும் நாலு அங்குலக் குழாய்க்குள் எலிதான் போக முடியும்.

அந்தச் சின்னக் குழாய்க்குள் முதலில் போனது பிளேடு. அமெரிக்காவின் டி மாய்ன் நகரில் 1933இல் சாமுவேல் பிளாங்க் என்பவரின் மகன் வீட்டுச் சாக்கடை மரவேரால் அடைத்துக்கொண்டது. சலவை இயந்திர மோட்டார், சிறு சக்கரங்கள், எஃகுக் கம்பிவடம், நுனியில் சுழலும் பிளேடுகள் என்று வீட்டிலும் பட்டறையிலும் கிடைத்ததைச் சேர்த்து அவர் ஒரு கருவி செய்தார். தரையைத் தோண்டாமலே அது வேரை அறுத்தது. அவர் மனைவி அதற்கு ரோட்டோ-ரூட்டர் என்று பெயர் வைத்தார். கருவி அமெரிக்கா முழுக்கப் பரவியது. ஆனால் அது குருட்டுக் கருவி. வேரை அறுக்கிறதா குழாயையே குடைகிறதா என்று இயக்குபவருக்குத் தெரியாது.

அந்தக் குருட்டுத்தனம் எவ்வளவு ஆபத்தானது என்பதை விஸ்கான்சின் மாநிலத்தின் கெனோஷா நகரம் 1976இல் கண்டது. அங்கே சமையல் எரிவாயுக் குழாயைத் தோண்டாமல் துளையிட்டுப் பதித்தவர்கள், ஒரு வீட்டின் சாக்கடைக் குழாயின் ஊடாகவே அதைச் செலுத்திவிட்டார்கள். பின்னாளில் அடைப்பு எடுக்கும் இயந்திரம் அதைக் குத்திக் கிழித்தது. சாக்கடை வழியாக வீட்டுக்குள் ஏறிய வாயு வெடித்து இருவர் இறந்தார்கள். இன்று பல அமெரிக்க நகரங்களில் எரிவாயுக் குழாய் பதித்த பிறகு சாக்கடைக் குழாய்களைக் கேமரா விட்டுப் பார்ப்பதற்கு இப்படிப்பட்ட விபத்துகளே காரணம்.

டிவி கேமராவைச் சாக்கடைக்குள் விட்டவர்களில் முன்னோடி ஜெர்மனியின் கீல் துறைமுகத்தைச் சேர்ந்த ஐபாக் நிறுவனம். நீருக்கடியில் பார்க்கும் கேமரா செய்தவர்கள், 1957இல் சாக்கடைக்கென்றே ஒன்று செய்தார்கள். ஆரம்பகாலக் கருவிகள் கனமானவை, கறுப்பு வெள்ளையில் காட்டுபவை. இரண்டு தொட்டிகளுக்கு இடையே கயிறு கட்டி வின்ச்சால் இழுக்க வேண்டும். வேனுக்குள் உட்கார்ந்தவர் திரையைப் பார்த்துக் குறிப்பு எழுதுவார். ஒருவர் விரிசல் என்பதை இன்னொருவர் உடைசல் என்று எழுதினால் என்ன செய்வது? பிரிட்டனின் நீர் ஆராய்ச்சி மையம் 1980இல் ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு குறியீடு வகுத்துக் கையேடு வெளியிட்டது. ஊருக்கு ஊர் வேறுபட்ட பேச்சு அதன் பிறகுதான் ஒப்பிடக்கூடிய பதிவாக மாறியது.

1980களில் கேமராவின் உள்ளே இருந்த வெற்றிடக் குழல் போய்ச் சிலிக்கான் சில்லு வந்தது. கேமரா சுருங்கி, வளையும் நீண்ட ஃபைபர் கம்பியின் நுனியில் பொருந்திற்று. பிளம்பர் கையாலேயே தள்ளிக்கொண்டு போகலாம். கேமராத் தலையில் ஒரு சிறு ரேடியோ ஒலிபரப்பியும் உண்டு. மேலே தோட்டத்தில் நடப்பவர் கையிலுள்ள கருவி அந்த சிக்னலைப் பிடித்து, பழுது எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் என்று சொல்லிவிடும். முற்றம் முழுவதையும் கிளறிய இடத்தில் இப்போது ஒரு குழி போதும்.

மறந்துபோன பல பாவங்களை அந்தக் கேமரா வெளியே கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போரை ஒட்டி இரும்புத் தட்டுப்பாட்டில் அமெரிக்க வீடுகளில் பதித்த ஆரஞ்ச்பர்க் குழாய் அவற்றில் ஒன்று. மரக்கூழையும் தாரையும் சேர்த்துச் செய்தது அது. சில பத்தாண்டுகளில் மண்ணின் பாரத்தில் நசுங்கி நீள்வட்டமாகிவிடும். வீடு வாங்குமுன் சாக்கடையைக் கேமராவில் பார்ப்பது அமெரிக்காவில் இன்று பரவலான வழக்கம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2011 அக்டோபர் 1 முதல், வீட்டு எல்லைக்கு வெளியே உள்ள தனியார் கழிவுக் குழாய்கள் நீர் நிறுவனங்களின் பொறுப்பாயின. பழுது எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, யார் பணம் கட்டுவது என்பதற்கு வீடியோ பதிவுதான் சாட்சி.

கேமராவை வைத்து ஏமாற்றுபவர்களும் உண்டு. மயிரிழை விரிசலைத் திரையில் பெரிதாக்கிக் காட்டி முழுக் குழாயையும் மாற்றச் சொல்வார்கள். எல்லா விரிசலும் ஆபத்தல்ல. கேமராவால் குழாய்க்கு வெளியே உள்ள மண்ணைப் பார்க்கவும் முடியாது. பதிவின் நகலைக் கேட்டு வாங்கி, வேலை எடுக்காத வேறொருவரிடம் காட்டுவதே நல்லது. ஜென்கின் சங்கம் சொன்னதும் அதுதான்.

இந்தியாவிலோ சாக்கடைக்குள் இறங்கிச் சுத்தம் செய்யும் வேலை நெடுங்காலமாக மனித உடல் மேல் சுமத்தப்பட்டிருக்கிறது. அதுவும் குறிப்பிட்ட சாதிகளில் பிறந்தவர்களின் உடல் மேல். 2015இல் கோழிக்கோட்டில் சாக்கடைக்குள் இறங்கிய இரு தொழிலாளர்களும், அவர்களைக் காப்பாற்றப் பாய்ந்த ஆட்டோ ஓட்டுநரும் விஷவாயுவில் இறந்தார்கள். பின்னர் கேரளத்து இளம் பொறியாளர்கள் பேண்டிகூட் என்ற ரோபோவைச் செய்தார்கள். கேமராவோடு தொட்டிக்குள் இறங்கி அள்ளுவது இது. 2018இல் திருவனந்தபுரத்தில் வேலை தொடங்கியது, கும்பகோணத்துக்கும் வந்தது. சாக்கடையில் இறப்பவரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சம் ரூபாய் என்று விதித்து, 2023இல் 30 லட்சமாக உயர்த்தியது. கருவி இருக்கும்போது ஆளை இறக்குவதைக் கொலை என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

ஆளை இறக்காமல் இருப்பது நகராட்சியின் கடமை மட்டுமல்ல. உரிய பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் சாக்கடைக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ ஆளை இறக்கினால், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலைக்கு அமர்த்திய வீட்டுக்காரரும் குற்றவாளிதான். முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.